‘உன் கவனக்குறைவுதான்’: ஒரகடம் ஆலை விபத்துகளில் சொல்லப்படும் நான்கு வாக்கியங்களும் சட்டம் தரும் விடைகளும்

இரவு ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தகட்டைச் சரியாக வைக்க டையின் நடுவே கை நீள்கிறது. பிரஸ் இயந்திரம் இறங்குகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விடுகின்றன. அந்தக் கைக்குரியவருக்கு இருபத்திரண்டு வயது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் காலனி ஒன்றிலிருந்து வந்து, ஒரே அறையில் ஆறு பேருடன் தங்கி, ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளிலிருந்து எங்களிடம் வரும் வழக்குகளில் பெயரும் ஊரும் மாறுகின்றன. அவர்களிடம் சொல்லப்படும் நான்கு வாக்கியங்கள் மட்டும் மாறுவதில்லை.

‘நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்.’

‘நீ எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டரைப் போய்ப் பார்.’

‘வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு, வைத்தியச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

‘இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடு.’

விபத்து நடந்த முதல் மூன்று நாட்களுக்குள் இந்த நான்கும் சொல்லப்பட்டுவிடுகின்றன. நீதிமன்றப் படியேறும் முன்பே பெரும்பாலான வழக்குகள் தோற்பது இங்குதான். இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அந்த விடையைத் தொழிலாளியும் அவருடன் நிற்பவர்களும் அந்த மூன்று நாட்களுக்குள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் (இ.எஸ்.ஐ.) சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டுவிட்டன. அந்த நாளுக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டங்களே பொருந்தும். பின்னர் நடந்தவற்றுக்குப் புதிய தொகுப்பு பொருந்தும். கீழே விளக்கப்படும் அடிப்படைக் கோட்பாடுகள் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. கணக்குகளும் பிரிவு எண்களும் பழைய சட்டங்களின்படி தரப்பட்டுள்ளன.

‘நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்’

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆலையில் கையிழந்த தொழிலாளி இழப்பீடு கேட்டால் முதலாளிக்கு மூன்று தப்பும் வழிகள் இருந்தன. உடன் வேலை செய்தவரின் தவறுக்கு நான் பொறுப்பல்ல என்பது முதல் வழி. ஆபத்து தெரிந்தேதான் நீ வேலைக்கு வந்தாய் என்பது இரண்டாவது. உன் கவனக்குறைவும் இதில் உண்டு என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தாண்டி வழக்கை வென்ற தொழிலாளிகள் மிகச் சிலரே. இந்த அநீதியை உணர்ந்த பிறகுதான், யாருடைய தவறு என்ற கேள்வியையே விலக்கிவிட்டு இழப்பீடு தரும் சட்டங்கள் தோன்றின. இந்தியாவில் 1923-இல் வந்த சட்டமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் இந்தக் காயம் ஏற்பட்டதா? ஆம் என்றால் இழப்பீடு தரப்பட வேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொழிலாளி கொஞ்சம் கவனம் தவறினார் என்று முதலாளி மெய்ப்பித்தாலும் பயனில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஒருவரின் கவனம் தவறும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது.

விதிவிலக்குகள் மூன்று. மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்தபோது ஏற்பட்ட விபத்து. பாதுகாப்புக்கென வெளிப்படையாக இடப்பட்ட ஆணையை அல்லது விதியை வேண்டுமென்றே மீறியதால் ஏற்பட்ட விபத்து. பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தும் அதை வேண்டுமென்றே அகற்றியதால் அல்லது புறக்கணித்ததால் ஏற்பட்ட விபத்து. மூன்றிலும் மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லே இவற்றின் உயிர். உற்பத்தி எண்ணிக்கையை எட்டுவதற்காக சூப்பர்வைசரே சென்சாரை அணைத்து வைத்திருந்தால் அது தொழிலாளியின் மீறல் ஆகாது. மேலும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்த மூன்று விதிவிலக்குகளும் பொருந்தவே பொருந்தா.

இ.எஸ்.ஐ. சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையின் காரணமாகவே நடந்தது என்று, மாறான சான்று இல்லாதவரை, அச்சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. தொழிலாளி விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் தொழிலுக்காகவே அச்செயலைச் செய்திருந்தால் அது வேலைக் காயமே.

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்துக்குள் சிக்கிப் படுகாயமடைந்து உயிரிழந்ததை இந்த வட்டாரத்தின் மூத்த தொழிலாளிகள் மறக்கவில்லை. இயந்திரத்தின் பாதுகாப்பு ஏற்பாடு, உற்பத்தி வேகம், அவரை மீட்பதில் ஏற்பட்ட தாமதம் ஆகியவை குறித்து உடன் பணிபுரிந்தவர்கள் அன்று கேள்வி எழுப்பினர். இறந்தவர் கவனமாக இருந்தாரா என்பதை விட அவைதான் சரியான கேள்விகள். நகரும் பாகங்களுக்குத் தடுப்பு அமைப்பதையும் அதை உரிய நிலையில் பராமரிப்பதையும் தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 21, ஆலையின் கடமையாகவே வைத்தது. அதே கடமை இப்போது பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் தொடர்கிறது.

‘நீ எங்கள் ஆளே இல்லை’

பெரிய கார் ஆலை, அதற்கு உதிரிபாகம் தரும் ஆலை, அந்த உதிரிபாக ஆலைக்குத் தகடு வெட்டித் தரும் சிறு பட்டறை என்று இந்தத் தொழிற்பகுதி அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. அடுக்கு இறங்க இறங்கக் கூலி குறைகிறது, இயந்திரம் பழையதாகிறது, ஆபத்து கூடுகிறது. மிகக் கீழே உள்ள அடுக்கில் யார் நிற்கிறார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடமாநிலங்களின் வாகன உதிரிபாகத் தொழிலை ஆராய்ந்து 2019 முதல் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு வெளியிட்டுவரும் அறிக்கைகள், விரல் துண்டிப்புகளில் பிரஸ் இயந்திரங்களே முதன்மைக் காரணம் என்கின்றன. பல தொழிலாளிகளுக்கு விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டை கிடைத்தது என்றும் அவை பதிவு செய்கின்றன. ஒரகடத்தில் வழக்கு நடத்துபவருக்கு இது புதிய செய்தியல்ல.

‘எங்கள் ஆள் இல்லை’ என்ற வாதத்துக்கு 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு விடை தருகிறது. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளி, தானே நேரடியாக வேலைக்கு அமர்த்தியிருந்தால் எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவையும் தரக் கடமைப்பட்டவர். பிறகு ஒப்பந்தக்காரரிடமிருந்து அத்தொகையை வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். தொழிலாளி தெருத் தெருவாக ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. விபத்து முதன்மை முதலாளியின் வளாகத்திலோ அவரது கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலோ நடந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே மனுவில் ஒப்பந்தக்காரர், ஆலை இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது கட்டாயம்.

இ.எஸ்.ஐ.யிலும் இதே நிலைதான். ஒப்பந்தத் தொழிலாளிக்கான பங்களிப்பை முதலில் செலுத்த வேண்டியவர் முதன்மை முதலாளியே. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே காப்பீட்டுக்கு உரியவர். நோய்க்கால உதவிக்குக் குறிப்பிட்ட நாட்கள் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. முதலாளி பங்களிப்பைச் செலுத்தாமல் விட்டிருந்தாலும் கழகம் தொழிலாளிக்கு உதவித்தொகையைத் தந்துவிட்டு, அதை முதலாளியிடமிருந்து வசூலிக்க 68-ஆம் பிரிவு வழிசெய்தது.

‘அவர் தொழிலாளியே அல்ல, பயிற்சியாளர்’ என்பது அண்மைக்கால உத்தி. தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1961-இன் 16-ஆம் பிரிவு, பயிற்சியின்போது காயமடைந்த பயிற்சியாளருக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்கிறது. வேறு ஏதோ பெயரில் ‘டிரெய்னி’ என்று எழுதிக்கொண்டு, நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை லைனில் நிறுத்திச் செய்யவைத்தால், ஆவணத்தில் உள்ள பெயரைவிடச் செய்த வேலையின் தன்மையே வழக்கில் எடைபெறும். வருகைப் பதிவு, ஷிப்ட் பட்டியல், வாட்ஸ்ஆப் குழுவில் சூப்பர்வைசர் அனுப்பிய கட்டளைகள் ஆகிய அனைத்தும் சான்றுகள்.

‘வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு’

நான்கு வாக்கியங்களில் மிகவும் ஆபத்தானது இதுதான், ஏனெனில் இது கருணையின் குரலில் பேசுகிறது. ஆலை வண்டியிலேயே தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறார்கள். பணம் கட்டுகிறார்கள். மருத்துவர் ‘எப்படி ஆயிற்று?’ என்று கேட்கும்போது உடன் வந்தவரே ‘பைக்கிலிருந்து விழுந்துவிட்டான்’ என்று விடை சொல்கிறார். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து ஆணையர் முன் வழக்கு வரும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து நீட்டும் முதல் ஆவணம் அந்த ஏ.ஆர். காப்பிதான்.

ஆகவே மருத்துவமனையில் சொல்லப்படும் முதல் வாக்கியமே வழக்கின் அடித்தளம். எந்த ஆலையில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்பது விபத்துப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். காயமடைந்தவர் மயக்கத்தில் இருந்தால் உடன் செல்பவர் இதைச் சொல்ல வேண்டும். பொய்யான வரி ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால், நினைவு திரும்பியவுடன் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் உண்மையைத் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலையும் அஞ்சல் சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குள் கொடுத்த திருத்தத்துக்கு இருக்கும் மதிப்பு ஓராண்டு கழித்துக் கொடுப்பதற்கு இருக்காது.

இ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால், படிவம் 12 என்று அறியப்படும் விபத்து அறிக்கையை முதலாளி கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் தொழிலாளியே கிளை அலுவலகத்துக்கு எழுதலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் புகார் அனுப்பி, ஆய்வாளரின் விசாரணை அறிக்கையைப் பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற வேண்டும். இயந்திரத்தில் தடுப்பு இருந்ததா, சென்சார் வேலை செய்ததா என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

சாலையில் நடப்பதும் இதில் அடங்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஷிப்டுக்குப் போகும் வழியில் அடிபடுவோரின் குடும்பங்கள் அதை வெறும் சாலை விபத்து என்றே எண்ணிவிடுகின்றன. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில், நேரமும் இடமும் சூழலும் வேலையுடன் தொடர்புடையதாக இருந்தால், அதுவும் வேலைக் காயம் என்று இ.எஸ்.ஐ. சட்டம் 2010-இலேயே திருத்தப்பட்டது. அதே பொருளை 1923 சட்டத்துக்கும் கொள்ள வேண்டும் என்று 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரச் சர்க்கரை ஆலை ஒன்றுக்கு இரவுக் காவலுக்குச் செல்லும் வழியில் 2003-இல் இறந்த காவலாளியின் குடும்பத்துக்கு அத்தீர்ப்பால் இழப்பீடு மீண்டும் கிடைத்தது. அவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. இவ்வகை விபத்தில் எதிர் வாகனத்தின் மீது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் செல்லும் வழியும் உண்டு. அதற்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி.

விடுதியும் ஆலையின் நீட்சியே என்பதை 2021 டிசம்பர் நமக்கு உணர்த்தியது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை தெரியாத நிலையில் பெண்கள் சுங்குவார்சத்திரம் அருகே நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். வேலை நிபந்தனையின் பகுதியாகவே ஆலை ஏற்பாடு செய்த விடுதியில் தங்கி, அங்கே தரப்படும் உணவை உண்ண வேண்டிய ஒருவருக்கு, அதனால் வரும் கேடு வேலையின் தொடர்ச்சியாகவே வருகிறது என்று வாதிட வலுவான இடம் உண்டு. வேலையின் எல்லை ஆலைச் சுவருடன் முடிவதில்லை, தேவைக்கேற்ப அது விரியும் என்பது உச்ச நீதிமன்றம் 1950-கள் முதல் ஏற்றுவரும் கோட்பாடு.

‘இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடு’

ஐம்பதாயிரம் ரூபாயையும் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளையும் ஒன்றாக நீட்டுவார்கள். அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் அல்லது குறைக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. குடும்பத்தின் கையில் நேரடியாகத் தந்தது இழப்பீடு தந்ததாகக் கருதப்படாது. கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதற்காக எந்தக் குடும்பமும் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.

உண்மையில் உரியது எவ்வளவு? இ.எஸ்.ஐ.யில் இல்லாத தொழிலாளிக்கு 1923 சட்டத்தின் கணக்கு இது. நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். மரணத்துக்கு 50 விழுக்காடு. 2020 ஜனவரி 3 முதல், எவ்வளவு ஊதியம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இருபத்திரண்டு வயதுக்கான காரணி 221.37. 15,000 ரூபாய் ஊதியம் பெற்றவர் இறந்தால் 7,500 × 221.37, அதாவது 16,60,275 ரூபாய். முழு ஊனம் என்றால் 9,000 × 221.37, அதாவது 19,92,330 ரூபாய். ஒரு கையின் இரு விரல்களை இழப்பதைச் சட்டத்தின் அட்டவணை 20 விழுக்காடு வருவாய்த்திறன் இழப்பு என்கிறது. அதன்படி 3,98,466 ரூபாய். ஐம்பதாயிரத்தின் பொருள் இப்போது விளங்கும்.

அட்டவணை சொல்வதே முடிவான எல்லையும் அல்ல. 1976-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு ஆராய்ந்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது நூறு விழுக்காடு இழப்பு என்று அது ஏற்றது. உடலில் எவ்வளவு போயிற்று என்பதோடு, செய்துவந்த தொழிலில் எவ்வளவு போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். இயந்திரம் இயக்குபவரின் வலக்கை விரல்களுக்கும் இதையே வாதிட வேண்டும். இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே உரியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. தகுந்த காரணமின்றித் தாமதித்தால், தர வேண்டிய தொகையில் 50 விழுக்காடு வரை தண்டத்தொகை.

இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு மொத்தத் தொகை கிடையாது, மாதாந்தர உதவி உண்டு. குணமாகும்வரை சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு. நிரந்தர ஊனத்துக்கு அந்த 90 விழுக்காட்டில் இழப்பு விகிதம், வாழ்நாள் முழுவதும். நாள் ஊதியம் 500 ரூபாய், இழப்பு 20 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு 90 ரூபாய், மாதம் சுமார் 2,700 ரூபாய். பிறகு வேறு வேலைக்குச் சென்றாலும் இது நிற்காது. இறந்தால் சார்ந்திருப்போருக்கு 90 விழுக்காடு பகிர்ந்தளிக்கப்படும். விகிதத்தை நிர்ணயிப்பது மருத்துவ வாரியம். குறைவு என்று கருதினால் மேல்முறையீடு உண்டு.

1923 சட்டத்தின் கீழ் மனுச் செய்ய வேண்டியது தொழிலாளர் துணை ஆணையரிடம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். தகுந்த காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. காயமடைந்தவரோ இறந்தவரின் குடும்பமோ வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். செஞ்சியில் இருக்கும் தாயோ பீகாரில் இருக்கும் மனைவியோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு வர வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டணம் குறித்தும் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவில் ஒரு மனு போதும்.

சட்டம் எழுப்பிய சுவர்

தவறு யாருடையது என்ற கேள்வியை விலக்கியதற்கு ஒரு விலையும் உண்டு. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு, காப்பீடு பெற்ற தொழிலாளி அதே காயத்துக்காக முதலாளியிடமிருந்து வேறு எந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு பெறுவதைத் தடுக்கிறது. முதலாளியின் அப்பட்டமான அலட்சியத்துக்காகப் பொதுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்டும் வழக்குத் தொடர முடியாது என்று 1997-இல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாதம் 2,700 ரூபாயுடன் ஆலையின் பணப்பொறுப்பு முடிந்துவிடுகிறது, அதையும் தருவது ஆலை அன்று, கழகம்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில்தான், இ.எஸ்.ஐ.யின் அடித்தளமான அடார்க்கர் அறிக்கை 1944-இல் உருவானது. முதலாளியின் கருணையை நம்பி நிற்காத பாதுகாப்பே அதன் குறிக்கோள். காயமடைந்தவரைக் காக்க எழுந்த திட்டம், அலட்சியம் செய்தவரைக் காக்கும் சுவராகவும் ஆகிவிட்டது. இழப்பீடு மலிவாக இருக்கும்வரை சென்சார் பொருத்துவதைவிட விரலை விலை பேசுவது ஆலைக்கு எளிது.

ஆனால் அந்தச் சுவர் இழப்பீட்டுக்கு மட்டுமே. குற்றப் பொறுப்பை அது மறைப்பதில்லை. இயந்திரத்தை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவின் கீழும், அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது 106-ஆம் பிரிவின் கீழும் குற்றம். பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கடமை தவறியதால் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கு அல்லது வாரிசுகளுக்குத் தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. இந்த அபராதப் பங்கை ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும், கேட்காமல் அது வராது.

தொட்டிக்குள் இறங்குபவர்

இந்தத் தொழிற்பகுதியின் விபத்துகள் ஆலைக்குள் மட்டும் நடப்பதில்லை. ஆலைகளைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளின், விடுதிகளின் கழிவுநீரை அள்ள யாரோ ஒருவர் இறங்குகிறார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் மூச்சுத்திணறி இறந்தனர். 2022 அக்டோபரில் தனியார் விடுதி ஒன்றின் தொட்டியில் மூவர் இறந்தனர். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இங்கே ‘அவரேதான் இறங்கினார்’ என்பது ஐந்தாவது வாக்கியமாகச் சொல்லப்படுகிறது. அதுவும் செல்லாது.

2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது மரணத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என உயர்த்தப்பட்டது. இந்தத் தொகை ஊதியத்தையோ வயதையோ பார்ப்பதில்லை. பட்டியல் சாதியினரை மனிதக்கழிவு அகற்றும் வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(j) பிரிவின் கீழ் தனிக்குற்றம். முதல் தகவல் அறிக்கையில் அப்பிரிவு சேர்க்கப்படுகிறதா என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்ய வேண்டியது களத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. பின்னர் சேர்க்க வைப்பது பெரும்பாடு.

ஊதியத்தால் அளக்கப்படும் உயிர்

மேலே தந்த கணக்கை மீண்டும் பாருங்கள். இழப்பீடு என்பது ஊதியத்தின் பெருக்கம். 15,000 ரூபாய் வாங்கியவரின் மரணம் 16,60,275 ரூபாய். அதே வயதில் 12,000 ரூபாய் வாங்கியவரின் மரணம் 13,28,220 ரூபாய். ஆபத்து மிக்க, ஊதியம் குறைந்த கடைசி அடுக்கில் யாரை நிறுத்துவது என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, அதன் மேல் காரணியை வைத்துப் பெருக்குகிறது சட்டம். சட்டத்தின் சூத்திரத்தில் சாதி என்ற சொல் இல்லை, அதன் விடையில் இருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் ஊதியத்தைப் பாராமல் ஒரே தொகை வகுக்க முடிந்த நீதிமன்றத்தால், ஆலை மரணங்களுக்கும் ஒரு கண்ணியமான அடித்தொகையை வகுக்கச் சொல்ல முடியும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இழப்பீட்டின் குறைந்தபட்சத் தொகையை அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தந்திருக்கிறது. அதை உயர்த்தி அறிவிக்கக் கோருவதும், ஊதிய உச்சவரம்பை நீக்கக் கோருவதும் தொழிற்சங்கங்களும் தலித் இயக்கங்களும் சேர்ந்து முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்.

அதுவரை செய்ய வேண்டியது எளிமையானது. ஒவ்வொரு காலனியிலும், ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு கல்லூரி மாணவர் வட்டத்திலும் இந்த விடைகள் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்போது அவர் சொல்ல வேண்டியவை இவ்வளவே: மருத்துவரிடம் ஆலையின் பெயரைச் சொல். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் படமெடுத்து வை. உன் கவனக்குறைவு என்று யார் சொன்னாலும், சட்டம் அதைக் கேட்கவில்லை என்று சொல்.